ஸ்டெம் செல் ஊசி தேய்ந்த குருத்தெலும்பை உண்மையிலேயே சென்று சேருமா?

கேள்வி: சாமந்தித்தோட்டம், பாலக்கோடு

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 58 வயதாகிறது. பாலக்கோட்டை அடுத்த எங்கள் நிலத்தில் தக்காளியும் சாமந்தியும் பயிரிடுகிறோம். களையெடுப்பது, காய் பறிப்பது, பூவெடுப்பது என்று வாழ்நாளின் பெரும்பகுதியைக் குத்துக்காலிட்டே கழித்தவர். இப்போது தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிவதில்லை. படியிறங்கும்போது வலது முழங்கால் பிடிமானம் விட்டுப்போகிறது என்கிறார். எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர் இரண்டு மூட்டிலும் தேய்மானம் இருப்பதாகவும், கெல்கிரென்–லாரன்ஸ் அளவுகோலின்படி வலப்பக்கம் மூன்றாம் நிலை, இடப்பக்கம் இரண்டாம் நிலை என்றும் எழுதிக் கொடுத்தார். மூட்டு மாற்று அறுவைக்கு இன்னும் காலம் இருக்கிறது, எடையைக் குறைத்துப் பயிற்சி செய்யட்டும் என்பது அவருடைய யோசனை.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் சொல்லி, வெளியூரில் உள்ள தனியார் சிகிச்சை மையம் ஒன்றுக்குப் போய் வந்தோம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்களை)ப் பிரித்து, அன்றைக்கே முழங்காலில் ஊசியாகப் போட்டுவிடலாம் என்றும், அந்தச் செல்கள் தேய்ந்த இடத்தைத் தாமாகவே தேடிச் சென்று புதிய குருத்தெலும்பை வளர்த்துவிடும் என்றும் அங்கே விளக்கினார்கள். இதற்கு 'டார்கெட்டட் டெலிவரி' என்று பெயராம். இரண்டு காலுக்கும் சேர்த்து இரண்டு இலட்சத்துக்கு மேல் ஆகும். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்று தம்பி துடிக்கிறான். அம்மாவின் வலியைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. செல்கள் தாமாக இடத்தைத் தேடிப் போகும் என்பது உண்மையா, உரிய இடத்தில் அவற்றைச் சேர்க்கும் முறையை யாரேனும் உண்மையிலேயே செய்து காட்டியிருக்கிறார்களா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

மறுமொழி: தென்பெண்ணைக்கரை

சகோதரிக்கு வணக்கம். காவேரிப்பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது பெங்களூரில், குருத்தெலும்பைச் செப்பனிடும் உயிரிப்பொருள்களை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். நான் மருத்துவன் அல்லன். உங்கள் தாயாருக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஊசியில் போன செல்கள் எங்கே சேர்கின்றன என்பது என் அன்றாட வேலையோடு தொடர்புடைய கேள்வி. நகையைக் கழற்றுவதற்கு முன் தம்பியை இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

மூட்டுக்குள் வெறுமனே செலுத்தப்படும் ஸ்டெம் செல்கள் தேய்ந்த இடத்தைத் தேடிச் சென்று நிரப்புவதில்லை. செல்களுக்கு அடையாளச் சாயமேற்றி விலங்குகளின் மூட்டில் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், பெரும்பகுதி செல்கள் மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சினோவியச் சவ்விலும், முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திசுவிலும் ஒட்டிக்கொண்டன. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அவற்றிலும் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. இரத்தக் குழாய் வழியாக ஏற்றினால் அதைவிட மோசம்: நுரையீரலின் நுண்குழாய்களிலேயே அவை சிக்கி நின்றுவிடுகின்றன.

இதற்குக் காரணம் குருத்தெலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. முழங்காலில் அதன் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். அதற்குள் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே உடல் தானாக அனுப்பும் பழுதுபார்க்கும் செல்களுக்கும்கூட உள்ளே போக வழியில்லை. ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிவிட்டார். இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளும், அவற்றுக்கிடையே நீரைப் பிடித்துவைத்திருக்கும் அக்ரிகான் என்ற பெருமூலக்கூறும் நெருக்கமாகப் பின்னிய வலை அது. வலைக்கண்கள் சில நானோமீட்டர் அளவே இருக்கின்றன. ஸ்டெம் செல்லோ பத்து மைக்ரோமீட்டருக்கும் மேற்பட்டது, அதாவது வலைக்கண்ணைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பெரியது. ஆகவே முழுமையாக உள்ள குருத்தெலும்புக்குள் செல் நுழையவே முடியாது. உடைந்து பள்ளமான இடத்தில் போய் அமர மட்டுமே முடியும், அங்கும் வழுவழுப்பான மூட்டு நீரும் ஒவ்வோர் அடிக்கும் நேரும் உராய்வும் அதை நிலைக்கவிடுவதில்லை. கேழ்வரகைத் தூவி விதைப்பதற்கும் நாற்றாக எடுத்து நடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் விசாரித்த மையம் செய்வது தூவுவது, சொல்வது நடுவதைப் பற்றி.

நட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோக்கியோவில் சேகியா என்ற ஆய்வாளரின் குழு, சினோவியச் சவ்விலிருந்து பெருக்கிய ஸ்டெம் செல்களை வைத்து ஓர் எளிய முறையைக் கண்டது. குருத்தெலும்பில் குழி விழுந்த இடம் மேல்நோக்கி இருக்குமாறு மூட்டைத் திருப்பி வைத்து, செல் கலந்த நீர்மத்தை அந்தக் குழியின் மேலேயே விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வைத்திருப்பார்கள். புவியீர்ப்பில் செல்கள் கீழே படிந்து, குழியின் தரையைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பத்து நிமிடத்திலேயே பாதிக்கு மேற்பட்டவை ஒட்டிவிடுவதை அவர்கள் முயல்களில் காட்டினார்கள். இத்தனை சாதாரணமான ஒரு செயல் இவ்வளவு பலன் தருவதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது, இன்றும் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் மிட்சுவோ ஓச்சியின் குழு காந்தத்தைப் பயன்படுத்தியது. ஸ்டெம் செல்களை நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களோடு வளர்த்தால் அவை துகள்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். அத்தகைய செல்களை மூட்டுக்குள் செலுத்திவிட்டு, குழியை நோக்கி இழுக்குமாறு வெளியே வலிமையான காந்தத்தைப் பிடித்தால், மேலோ பக்கவாட்டிலோ இருக்கும் குழியில்கூடச் செல்களைச் சேர்த்துவிடலாம். விலங்குகளில் பல ஆண்டுகள் சோதித்த பிறகு ஐந்து நோயாளிகளிடம் செய்து பார்த்து, பாதுகாப்பில் குறை தென்படவில்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். மூன்றாவது வழி, ஹைலூரோனிக் அமிலம், ஃபைப்ரின், கொலாஜன் போன்றவற்றால் ஆன கூழ்மத்திலோ மெத்தையிலோ செல்களைப் பொதித்துக் குழிக்குள் வைப்பது. தென்கொரியாவில் 2012இல் ஒப்புதல் பெற்ற கார்ட்டிஸ்டெம் இந்த வகை: தொப்புள்கொடி இரத்த ஸ்டெம் செல்களை ஹைலூரோனிக் அமிலக் கூழ்மத்தோடு கலந்து, அறுவைச் சிகிச்சையில் குழியைத் திறந்து நேரடியாக நிரப்புகிறார்கள். இரண்டாம் வகைக் கொலாஜனை அடையாளங்கண்டு ஒட்டிக்கொள்ளும் குறும்புரதத் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் பொருத்துவது நான்காவது. அது இன்னும் ஆய்வகத்திலும் விலங்குகளிலும்தான் இருக்கிறது.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். அறுவை அரங்கில் குழியைக் கண்ணால் பார்த்துத்தான் பெரும்பாலும் வேலை நடக்கிறது; இலக்காக ஒரு குழி, சுற்றிலும் நல்ல கரை வேண்டும். உங்கள் தாயாருக்கு இருப்பதோ மூட்டு முழுவதும் பரவிய தேய்மானம்: குருத்தெலும்பு மெலிந்திருக்கிறது, அடியெலும்பு இறுகியிருக்கிறது, சவ்வில் அழற்சி இருக்கிறது. அங்கே எந்த இடத்தை இலக்கு என்று சொல்வது?

மஜ்ஜையைப் பற்றியும் ஒரு சொல். அன்றைக்கே எடுத்து அன்றைக்கே போடும் மஜ்ஜைச் சாற்றில் உட்கரு உள்ள செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று முதல் இலட்சத்துக்கு ஒன்று வரைதான் குருத்தெலும்பாக மாறக்கூடிய 'மெசென்கைமல்' வகை ஸ்டெம் செல். ஆய்வுகளில் கோடிக்கணக்கில் செலுத்துகிறார்கள் என்றால், அது வாரக்கணக்கில் ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கியது. 2023இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முழங்கால் தேய்மானம் உள்ள ஏறத்தாழ 475 பேரிடம் மஜ்ஜைச் சாறு, கொழுப்பிலிருந்து எடுத்த செல்கள், தொப்புள்கொடிச் செல்கள் ஆகிய மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை, எம்.ஆர்.ஐ. படத்திலும் வேறுபாடு இல்லை.

மறுமொழி: ஒகேனக்கல்சாலை

தருமபுரியில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். மேலே உள்ள விளக்கம் தெளிவாக இருக்கிறது. நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போயிருக்கிறது: உங்கள் தாயார் எத்தனை காலம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தார்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி என்பது அனைவரும் அறிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான், அது 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரைப் பத்திருபது ஆண்டுகள் குடித்தவரின் எலும்பில் சேர்ந்துவிட்ட ஃப்ளூரைடு, நல்ல நீர் வந்த மறுநாளே வெளியேறிவிடாது. எலும்பு ஃப்ளூரோசிஸ் உள்ளவருக்கும் முழங்கால் வலிக்கும், குத்துக்காலிட முடியாது, காலையில் உடம்பு இறுகிக் கிடக்கும். அவருக்கு நேரும் கேடு குருத்தெலும்போடு நிற்பதில்லை. தசைநார்களிலும் எலும்புகளை இணைக்கும் சவ்வுகளிலும் சுண்ணாம்பு படிகிறது. இதற்கு எத்தனை துல்லியமாகக் குருத்தெலும்பில் செல்லைச் சேர்த்தாலும் பயனில்லை.

வீட்டிலேயே மூன்று அசைவுகளைப் பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வருகிறதா, முகவாயைத் தாழ்த்தி நெஞ்சைத் தொட முடிகிறதா, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பிடரியைத் தொட முடிகிறதா? மூன்றும் சிரமமாக இருந்தால், முழங்கால் எக்ஸ்ரேயோடு முன்கை எக்ஸ்ரேயும் எடுக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்புக் கோடு தெரிந்தால் அது ஃப்ளூரோசிஸுக்கு முக்கியமான சான்று. சிறுநீரில் ஃப்ளூரைடு அளவையும் சோதிக்கலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைப் பற்றி விசாரியுங்கள். அம்மாவின் பல்லில் பழுப்புக் கறை இல்லை என்பதால் ஃப்ளூரோசிஸ் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்; பற்கள் உருவாகும் சிறுவயதில் அந்த நீரைக் குடித்தவர்களுக்குத்தான் கறை விழும், எலும்புக்கு எந்த வயதிலும் கேடு வரும்.

தேய்மானம் மட்டுமே காரணம் என்று உறுதியானால், எலும்பு மருத்துவர் சொன்ன இரண்டையும் குறைவாக எண்ணிவிடாதீர்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தொடையின் முன்தசையை வலுப்படுத்த, நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சில வினாடிகள் பிடித்து இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். பூவெடுக்கும்போது உட்கார ஒரு சிறு முக்காலியை வயலுக்கே எடுத்துப் போகட்டும். வலது கால் வலிக்கிறது என்றால் ஊன்றுகோலை இடது கையில் பிடிக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் வலிக்கிற பக்கத்திலேயே பிடித்துச் சுமையைக் கூட்டிக்கொள்கிறார்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

மறுமொழி: ஊத்தங்கரைக்களம்

ஐயா, இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊத்தங்கரைப் பக்கம் இளைஞர்களுக்குக் கபடிப் பயிற்சி அளிக்கிறேன். எங்கள் அணிப் பையன் ஒருவனுக்கு 22 வயது. பிடியில் மாட்டிக் கால் திருகியதில் முன்குறுக்குத் தசைநார் அறுந்து, தொடையெலும்பு முனையில் குருத்தெலும்பும் பெயர்ந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் குழி ஏறத்தாழ 3 சதுர செ.மீ. என்று இருக்கிறது. தென்பெண்ணைக்கரை ஐயா சொன்ன, கரையுள்ள குழி இவனுக்கு இருக்கிறது அல்லவா? இவனுக்காவது ஸ்டெம் செல் சிகிச்சை பொருந்துமா?

மறுமொழி: தென்பெண்ணைக்கரை

பொருத்தமான கேள்வி. இந்த ஆராய்ச்சி முழுவதும் உங்கள் மாணவரைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே தொடங்கியது. ஆனால் அவருக்கு ஸ்டெம் செல்லுக்கு முன்பே, நீண்ட காலச் சான்றுள்ள வேறொரு வழி இருக்கிறது.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் 1987இல் தொடங்கி, 23 நோயாளிகளின் முடிவுகளோடு 1994இல் லார்ஸ் பீட்டர்சனும் மாட்ஸ் பிரிட்பெர்க்கும் உலகறியச் செய்த முறை அது. மூட்டில் சுமை விழாத ஓரத்திலிருந்து நோயாளியின் குருத்தெலும்பிலேயே சிறு துணுக்கை நுண்துளைக் கருவியால் எடுத்து, அதிலுள்ள செல்களைச் சில வாரங்கள் ஆய்வகத்தில் பெருக்கி, இரண்டாவது அறுவையில் குழியில் வைத்து மூடுகிறார்கள். இப்போது கொலாஜன் மெத்தையிலேயே செல்களைப் பதித்து ஒட்டிவிடுகிறார்கள். அத்தகைய ஒன்றுக்கு 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் அளித்தது. இந்தியாவிலும் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்லைப் பயன்படுத்தும் சிகிச்சை கிடைக்கிறது.

குழியின் அடியெலும்பில் நுண்துளைகள் இட்டு, மஜ்ஜையைக் குழிக்குள்ளேயே கசியவிடும் 'மைக்ரோஃபிராக்சர்' முறையும் உண்டு. யோசித்துப் பார்த்தால், உடலின் சொந்த ஸ்டெம் செல்களை இடம் தவறாமல் கொண்டுசேர்க்கும் பழைய வழிகளில் ஒன்று அது. ஆனால் அப்படி வளர்வது முதலாம் வகைக் கொலாஜன் மிகுந்த நார்க்குருத்தெலும்பு. சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும் தன்மை அதற்கு உண்டு. பொதுவாக 2 சதுர செ.மீ.க்குக் குறைவான குழிகளுக்கே அதைப் பரிந்துரைப்பார்கள்.

அறுந்த தசைநாரைச் சரிசெய்யாமல் குருத்தெலும்பை மட்டும் செப்பனிட்டால், ஆடும் மூட்டில் வைத்த செல் எதுவானாலும் அரைபட்டுவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்துத் திட்டமிடும் அறுவை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பிறகு வாரக்கணக்கில் ஊன்றுகட்டையும், களத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஓராண்டும் ஆகும் என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பொங்கல் போட்டிகளுக்கு என்று அவசரப்படுத்தி அந்தக் காலைக் கெடுத்துவிட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: சாமந்தித்தோட்டம், பாலக்கோடு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவாய் நெஞ்சைத் தொடுகிறது, பிடரியையும் கை தொடுகிறது. ஆனால் குனிவது அம்மாவுக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது. ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு எங்கள் போர் தண்ணீரைத்தான் குடித்தோம். முன்கை எக்ஸ்ரே எடுக்கப்போகிறோம். ஒரே ஒரு கேள்வி பாக்கி: இந்திய அரசே முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறது, ஆகவே எங்கள் சிகிச்சையும் சட்டப்படியானதே என்று அந்த மையத்தில் சொன்னார்கள். அது சரியா?

மறுமொழி: ஓசூர்மருந்தாளுநர்

முன்பாதி சரி, பின்பாதி தவறு. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெம்பியூசெல் மருந்துக்கு முழங்கால் தேய்மானத்தின் இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்காக 2022இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் ஒப்புதல் அளித்தது. பிறர் கொடையளித்த மஜ்ஜையிலிருந்து செல்களைப் பிரித்து, தரக்கட்டுப்பாட்டோடு வளர்த்து, உறைநிலையில் சேமிக்கும் மருந்து அது. ஒரு மூட்டுக்கு இரண்டரைக் கோடி செல்கள். 146 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், ஓராண்டில் போலி மருந்தைவிட வலியும் இயக்கமும் மேம்பட்டிருந்தன. குருத்தெலும்பின் தரம் மேலும் கெடாமல் இருந்ததையும் எம்.ஆர்.ஐ. காட்டியது. புதுக் குருத்தெலும்பு வளர்ந்து பழையபடி ஆகிவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதுவும் மூட்டுக்குள் பொதுவாகச் செலுத்தப்படும் ஊசியே தவிர, இலக்கு வைத்துச் சேர்ப்பதன்று. 'மெசென்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயருக்குத் தந்தையான ஆர்னால்ட் கேப்லன் வழிவந்த ஆய்வாளர்கள் பலரும் இப்போது சொல்வதைப்போல, இந்தச் செல்கள் சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிப்பதுதான் அந்த நிவாரணத்துக்குக் காரணம் என்று கொள்வதே பொருத்தம்.

ஒப்புதல் அந்த ஒரு மருந்துக்கு மட்டுமே உரியது. 2017ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக வழிகாட்டு நெறிகளின்படி, இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட பயன்பாடுகளைத் தவிர, ஸ்டெம் செல்லை நோயாளிக்குச் செலுத்துவது முறையான மருத்துவச் சோதனையாக மட்டுமே நடக்க வேண்டும். அப்படிச் சோதனை என்றால் அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். ஊசியால் தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் நடத்துபவரே ஏற்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் கூறுகின்றன. சோதனைக்கு உட்படுபவரிடம் இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்குவது சோதனையே ஆகாது.

கிருமி விஷயத்தையும் தம்பியிடம் சொல்லுங்கள். 2018இல் அமெரிக்காவில், ஒப்புதல் பெறாத தொப்புள்கொடி இரத்தத் தயாரிப்பை மூட்டிலும் முதுகிலும் செலுத்திக்கொண்ட 12 பேருக்கு இரத்தத்திலோ மூட்டிலோ கடும் பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டு, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் சில நாட்களில் கரைந்துவிடும்.

அந்த மையத்திடம் சோதனைப் பதிவு எண், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம், செலுத்தப்போகும் செல்களின் எண்ணிக்கையும் கிருமியற்ற நிலையும் காட்டும் ஆய்வகச் சான்று ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்; ஏற்கெனவே கட்டியிருந்தால் இரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.